42 வயதில் பி.எட். படிக்க உதவித்தொகை கிடைக்குமா?

அக்கா, டர்பன் சாட்ஸ்வர்த்துல ஒரு கிரெஷ்ல (குழந்தைகள் காப்பகத்துல) வேலை பார்த்துக்கிட்டே யூனிசாவுல (தென்னாப்பிரிக்காவோட தொலைதூரக் கல்விப் பல்கலைக்கழகம்) பி.எட். படிக்க ஆசை, ஆனா "என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். (அரசாங்கப் படிப்பு உதவித்தொகை) சின்னப் பசங்களுக்குத்தான்"னு கொழுந்தனார் சொன்னதா எழுதியிருந்தீங்க. அதைக் காதுல போட்டுக்காதீங்க. அதுக்கு வயசு வரம்பே இல்லை. ஆசிரியர் படிப்புக்குன்னே இருக்கிற ஃபுன்சா லுஷாகா உதவித்தொகைதான் 30 வயசுக்குள்ள இருக்கிறவங்களுக்கு. அவர் அதோட குழப்பிக்கிட்டாரோ என்னவோ.

குடும்ப வருமானம் வருஷத்துக்கு 3,50,000 ரேண்டுக்குள்ள இருக்கணும். இது உங்க முதல் பட்டமா இருக்கணும். உங்க ரெண்டு பேர் சம்பளமும் சேர்த்து மாசம் 19,000ன்னா வருஷம் 2,28,000தான், தாராளமா உள்ள வரும். கணவர் வருமானத்தை மட்டும் மறைச்சிடாதீங்க.

யூனிசா சீட்டுக்குத் தனியா விண்ணப்பிக்கணும், நிறையப் பேர் கோட்டை விடுறது அங்கதான். என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. "நான் போட்டுத் தர்றேன்"னு யாராவது காசு கேட்டா சல்லிக்காசு கொடுக்காதீங்க.