சிக்கார் முனையின் சாய்வு: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்காட்லாந்தின் சிக்கார் முனை பற்றிய தங்கள் கட்டுரையில், கீழ்ப்பாறை அடுக்குகள் ஏறத்தாழச் செங்குத்தாகவும் அவற்றின் மேலுள்ள செம்மணற்கல் அடுக்குகள் சற்றே சாய்ந்தும் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். நான் பார்த்த படங்களில் கீழடுக்குகள் எப்போதும் நிமிர்ந்தே நிற்கின்றன. மேலடுக்குகளோ ஒரு படத்தில் கிடையாகவும் இன்னொன்றில் சாய்ந்தும் தெரிகின்றன. எதை நம்புவது?

க.

அன்புள்ள க. அவர்களுக்கு,

இரண்டு படங்களையும் நம்பலாம். ஆனால் எந்த ஒரு படத்தைக் கொண்டும் சாய்வை முடிவுசெய்ய இயலாது. பாறை அடுக்கு ஒரு தளம். படத்தில் தெரிவது பாறைமுகம் அத்தளத்தை வெட்டும் கோடு மட்டுமே.

ஓர் அட்டையைச் சாய்வாகப் பிடித்து, வாளி நீரில் பாதி அமிழ்த்திப் பாருங்கள். நீர்மட்டம் அட்டையைத் தொடும் கிடைக்கோடு ஓடும் திசையே ஸ்ட்ரைக். அட்டையின் மேல் விட்ட நீர்த்துளி அக்கோட்டுக்குக் குறுக்காக வழிந்திறங்கும் திசையில் அளக்கும் கோணமே உண்மைச் சாய்வு. 20 பாகை சாய்ந்த அடுக்கை ஸ்ட்ரைக் திசையிலேயே வெட்டிய பாறைமுகத்தில் பார்த்தால் அது கிடையாகத் தெரியும். ஸ்ட்ரைக்குக்கு 30 பாகை விலகிய முகத்தில் சுமார் 10 பாகையே சாய்ந்திருப்பதாகத் தோன்றும். செங்குத்தான அடுக்குக்கு இந்த மயக்கம் இல்லை. அதைக் குறுக்கே எப்படி வெட்டினாலும் செங்குத்தாகவே தெரியும். தாங்கள் படங்களில் கூர்ந்து கண்ட வேறுபாட்டுக்கு இதுவே காரணம்.

ஆகவேதான் களத்தில் ஸ்ட்ரைக், சாய்வு இரண்டையும் அளக்கிறார்கள். டேவிட் பிரண்டன் 1894-இல் காப்புரிமை பெற்ற பிரண்டன் காம்பஸில் திசைகாட்டியும் சாய்வுமானியும் ஒன்றாகவே உள்ளன. பாறைப்பரப்பு மேடுபள்ளமாக இருந்தால், அதன் மேல் குறிப்பேட்டை வைத்து அதன் மீது அளப்பது வழக்கம். இரும்புச் சுத்தியலை மட்டும் தள்ளி வைத்துவிட வேண்டும், இல்லையேல் முள் விலகும்.

1788-இல் ஸ்காட்லாந்து அறிஞர்கள் ஜேம்ஸ் ஹட்டன், ஜான் பிளேஃபேர், ஜேம்ஸ் ஹால் மூவரும் படகில் சென்று சிக்கார் முனையைப் பார்த்தார்கள். கீழுள்ள கிரேவாக்கி என்னும் கடினமான மணற்பாறை சுமார் 43.5 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்து, பின்னர் ஐயாப்பெட்டஸ் என்னும் பண்டைய பெருங்கடல் மூடிக்கொண்டபோது மடிந்து நிமிர்ந்தது; அது அரிக்கப்பட்ட பரப்பின் மேல்தான் சுமார் 37 கோடி ஆண்டுகளுக்கு முன் செம்மணல் படிந்தது. மடிப்பு எப்படி உண்டாகிறது என்று காட்ட, துணிகளை அடுக்கி, அவற்றின் மேல் கதவொன்றையும் பாரத்தையும் ஏற்றி, இருபுறமிருந்தும் பலகைகளால் நெருக்கிய ஹால், அந்தச் சோதனையை 1815-இல் வெளியிட்டார். எளிமையிலும் துணிவிலும் அதற்கு ஈடான சோதனைகள் நிலவியலில் குறைவு என்பது என் எண்ணம்.

செம்மணற்கல்லும் பிற்காலத்தில் சாய்ந்திருப்பதால், அதை மனத்தில் மீண்டும் கிடையாக்கும்போது கீழடுக்குகளையும் அதே அளவு சேர்த்துத் திருப்ப வேண்டும்; செம்மணல் படியத் தொடங்கிய நாளில் அவை நின்ற நிலை அப்போதுதான் கிடைக்கும். மேலடுக்கின் சாய்வு சிறிதுதானே என்று அளக்காமல் விட்டால் இந்தக் கணக்கு தவறிவிடும்.

காம்பஸ் சொல்லாத ஒன்றும் உண்டு. நிமிர்ந்து நிற்கும் அடுக்கில் எந்தப் பக்கம் முதலில் படிந்தது என்பதைப் பாறையிலுள்ள மணல்மணிகளைப் பார்த்தே அறிய வேண்டும். இத்தகைய கிரேவாக்கி அடுக்கில் பருமணிகள் அடியிலும் நுண்மணிகள் மேலும் படிந்திருக்கும்.

படங்களோடு அப்பகுதியின் நிலவியல் வரைபடத்தையும் தாங்கள் பார்க்க வேண்டும். அதில் நீண்ட கோடு ஸ்ட்ரைக்கையும், அதிலிருந்து கிளம்பும் குறுங்கோடு அடுக்கு சாயும் பக்கத்தையும், அருகிலுள்ள எண் சாய்வின் பாகையையும் குறிக்கும்.