கண்குழிக் கட்டி: கேள்வி பதில்

ஈசூனிலிருந்து ஒரு தங்கை: அம்மாவுக்கு 52 வயது. இடது கண் மெல்ல மெல்ல முன்னால் வருகிறது. வலி இல்லை. கட்டியா அண்ணா?

அம்மாவின் பழைய படங்களை எடுத்து இன்றைய முகத்தோடு ஒப்பிடுங்கள், எப்போது தொடங்கியது என்று தெரியும். அப்புறம் அவரை உட்காரவைத்து, தலையைக் கொஞ்சம் அண்ணாந்தபடி இருக்கச் சொல்லி, பின்னால் நின்று நெற்றிக்கு மேலிருந்து பாருங்கள். எந்தக் கண் துருத்துகிறது என்பது தெளிவாகத் தெரியும். பெரியவர்களுக்குக் கண் பிதுங்க முதல் காரணம் தைராய்டுதான், ஒரு கண்ணில் மட்டும் வந்தாலும்கூட. அதனால் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் இரண்டும் வேண்டும். பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு சிங்கப்பூர் தேசிய கண் நிலையத்துக்குப் போனால் சலுகைக் கட்டணம். கட்டியே என்றாலும், இந்த வயதில் மெதுவாக வளர்வது பெரும்பாலும் சாதாரண ரத்தநாளக் கட்டி. பார்வை கெடாதவரை அதைத் தொடாமல் கவனித்து வரலாம்.

பிடோக் வாசகர்: எனக்குக் கண்ணீர்ச் சுரப்பியில் கட்டி. பயாப்ஸி (சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது) செய்யாமலே முழுசாக எடுக்க வேண்டும் என்கிறார் டாக்டர். சரியா?

ஸ்கேனில் அது ப்ளியோமார்ஃபிக் அடினோமா என்ற புற்றல்லாத கட்டி போலத் தெரிந்தால், சரிதான். அந்தக் கட்டியை உறையோடு எடுக்க வேண்டும். பயாப்ஸிக்காகக் குத்தினால் உறை கிழிந்து செல்கள் சிதறும். பல வருஷம் கழித்துத் திரும்ப முளைக்கும், சிலருக்குப் புற்றாகவும் மாறும். லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்று என்றால் கதை தலைகீழ். அது பிசைந்த மாவு போலக் கண்ணை ஒட்டிப் படியும். சிறு துண்டு மட்டும் எடுத்துச் சோதித்து, கண்ணோடு நின்றிருந்தால் பெரும்பாலும் கதிர்வீச்சு கொடுப்பார்கள்.

அதே வாசகர்: கண்ணை எடுத்துவிடுவார்களோ?

இல்லை, பயப்படாதீர்கள். மேல் இமை மடிப்பில் கீறினால் தழும்பு அவ்வளவாகத் தெரியாது. ஆழமான கட்டிக்கு, வெளிப்பக்க எலும்பில் ஒரு துண்டை அறுத்தெடுத்து, வேலை முடிந்ததும் திரும்பப் பொருத்துவார்கள். கண்குழியின் கொள்ளளவே சுமார் 30 மில்லி. கொஞ்சம் ரத்தம் தேங்கினாலும் பார்வை நரம்பு நசுங்கும். அறுவைக்குப் பின் கடும் வலியோ பார்வை மங்கலோ வந்தால் விடியட்டும் என்று இருக்காமல் உடனே சொல்லுங்கள்.

உட்லண்ட்ஸ் அம்மா ஒருவர்: மகனுக்கு 7 வயது. ஒரே வாரத்தில் கண் வீங்கி வெளியே தள்ளிவிட்டது. ஆன்டிபயாட்டிக் கொடுத்தும் குறையவில்லை.

இன்றே கேகே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள் அம்மா, கடிதத்துக்குக் காத்திருக்க வேண்டாம். கண்குழித் தொற்றாக இருக்கலாம், ராப்டோமயோசார்கோமா என்ற புற்றாகவும் இருக்கலாம். இரண்டுமே நாள் கடத்தக்கூடாதவை. புற்று என்றாலும் மனம் விடாதீர்கள்: பயாப்ஸி எடுத்து, கீமோவும் கதிர்வீச்சும் கொடுத்தால் கண்குழியில் வரும் இந்த வகையிலிருந்து பெரும்பாலான பிள்ளைகள் பிழைத்துவிடுகிறார்கள்.