மடையன் என்ற சொல்லுக்குப் பொருள் என்ன? அது எங்கிருந்து வந்தது?

யாராவது உங்களை அப்படித் திட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் வாட்சாப்பில் சுற்றும் ஏரிமடைக் கதையைப் படித்திருப்பீர்கள். வெள்ளத்தில் முங்கி மடையைத் திறந்தவன்தான் மடையன் என்ற கதை. கேட்க உருக்கமாக இருக்கிறது, ஆனால் அவ்வளவு தூரம் போக வேண்டியதே இல்லை. அச்சம், மடம், நாணம் என்று அடுக்குகிறோமே, அந்த மடம்தான் வேர். மடம், மடமை, மடையன். அறிவில்லாதவன் என்று பொருள்.

எனக்கு இந்தச் சொல் சுட்டது வேறு காரணத்தால். இங்கே பினாங்கில் ஒரு கோயில் மடைப்பள்ளியில் அப்பா சமையல் செய்தார். மடை என்றால் தெய்வத்துக்குப் படைக்கும் சோறு. அதைச் சமைப்பவருக்கும் பழைய தமிழில் மடையன் என்றுதான் பெயர். ஒரு கல்யாணப் பந்தியில் சொந்தக்காரர் ஒருவர் போனைப் பார்த்துச் சத்தமாக வாசித்தார்: "சமையற்காரனுக்குப் புத்தி மட்டு, அதனால்தான் முட்டாளை மடையன் என்கிறோம்." எதிர் இலையில் அப்பா. ரசச் சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றுவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மாமா, அது மடை, இது மடம். ரெண்டையும் ஏன் போட்டுக் குழப்புறீங்க?" என்று கேட்டுவிட்டேன். பெரியவர்களை எதிர்த்துப் பேசலாமா என்று இங்கேயும் சிலர் வருவீர்கள். அப்பாவுக்காகப் பேசாமல் வேறு யாருக்காகப் பேசுவது?

நைவேத்தியத்தை வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது. புளிக்காய்ச்சல் கொதிக்கும் வாசத்தை வைத்தே அப்பா உப்புச் சொல்லிவிடுவார். விராடன் அரண்மனையில் பீமன் செய்ததும் இதே வேலைதானே!

மடத்தை வெறும் வசவாக நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். புறநானூறு 142இல் புலவர் பரணர், வள்ளல் பேகனுக்குக் கொடைமடம் உண்டு, படைமடம் கிடையாது என்கிறார். குளம், வயல், உவர்நிலம் என்று பார்க்காமல் பெய்யும் மழையைப் போலக் கொடுப்பானாம். போரில் மட்டும் அறிவு தப்ப மாட்டானாம். மடை, மடம் இரண்டுக்கும் ஒரே வேர் என்று யாராவது வாதாட வந்தால் வரட்டும். அப்படியே இருந்தாலும் சமைப்பவர் முட்டாளாகிவிட மாட்டார்.

அப்புறம், சோறு என்று வந்துவிட்டதால் சொல்கிறேன். தைப்பூசத்தன்று இங்கே தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியெல்லாம் பந்தல் போட்டு அன்னதானம் செய்கிறார்கள். ஒரு பந்தலில் வாங்கியதைப் பாதி தின்றுவிட்டு, அடுத்த பந்தலில் புதுப் பொட்டலத்துக்குக் கை நீட்டுகிறார்கள். பழையது சாலையோரம் கிடக்கிறது. ராத்திரியெல்லாம் அண்டா முன்னால் நின்றவர்கள் அதைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறார்கள். தயவுசெய்து தின்னும் அளவுக்கு மட்டும் வாங்குங்கள்.