ராக் பாடகர் ஓஸி ஆஸ்போர்னின் 'பிளிசார்ட் ஆஃப் ஓஸ்' ஆல்பத்தை எந்த ரீமாஸ்டர் பதிப்பில் கேட்பது நல்லது? 2002 பதிப்பைப் பழைய ரசிகர்கள் ஏன் ஒதுக்குகிறார்கள்?

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். 2011ல் வந்த பதிப்பைக் கேளுங்கள். 1995ல் வந்த ரீமாஸ்டர் சிடி எங்காவது பழைய கடையில் கிடைத்தால் அதையும் தாராளமாக வாங்கலாம். முதல்முறை கேட்கிறவர் 2002ல் வந்ததைத் தொட வேண்டாம். அவசரத்தில் இருப்பவர்களுக்கு இது போதும். ஆனால் நீங்கள் ஏன் என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் கல்லூரி நாட்களிலிருந்து பேஸ் கிட்டார், அதாவது பாட்டின் அடிச்சுரங்களைத் தாங்கும் கிட்டார், வாசிக்கிறவன். இந்த ஆல்பத்தைப் பற்றி என்னால் இரண்டு வரியில் பேசி முடிக்க முடியாது.

உங்கள் நிலைமையை நானாக ஊகிக்கிறேன். 2025 ஜூலை 5 அன்று பர்மிங்காம் வில்லா பார்க் மைதானத்தில் ஓஸி சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடியே பாடிய கடைசிக் கச்சேரியின் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். ஜூலை 22 அன்று அவர் இறந்துவிட்டார். அப்புறம் 'கிரேஸி ட்ரெயின்' எந்த ஆல்பம் என்று தேடியிருப்பீர்கள். ஒரே பெயரில் பல பதிப்புகள் வரிசையாக வந்து நின்றிருக்கும். ஒரு ரீமாஸ்டருக்கும் இன்னொன்றுக்கும் அப்படி என்ன வித்தியாசம் இருந்துவிடப் போகிறது என்று தோன்றுவது இயல்புதான். மற்ற ஆல்பங்களில் பெரும்பாலும் அதுதான் உண்மை. இதில் மட்டும் விஷயம் வேறு.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1979ல், தான் பாடிக்கொண்டிருந்த பிளாக் சபாத் ராக் குழு ஓஸியை வெளியே அனுப்பியது. லாஸ் ஏஞ்சலஸில் ஒரு ஓட்டல் அறையில் குடித்துக்கொண்டே கிடந்தவரை எழுப்பி உட்காரவைத்தவர் ஷேரன். ஜெட் ரெக்கார்ட்ஸ் முதலாளி டான் ஆர்டனின் மகள், பின்னால் ஓஸியின் மனைவி. அந்தப் பெண்மணி இல்லாவிட்டால் இந்த ஆல்பமே இல்லை. இதை நான் முழு மனதோடு சொல்கிறேன், ஏனென்றால் கீழே அவரைப் பற்றிக் கசப்பாகவும் சொல்ல வேண்டியிருக்கிறது.

குழு அமைந்தது. கிட்டாருக்கு ராண்டி ரோட்ஸ், அப்போது 23 வயது. பேஸ் வாசிக்க, ரெயின்போ குழுவில் இருந்த ஆஸ்திரேலியர் பாப் டெய்ஸ்லி. டிரம்ஸுக்கு யூரியா ஹீப் குழுவின் லீ கெர்ஸ்லேக். கீபோர்டில் டான் ஏரி. 1980ல் இங்கிலாந்தின் ரிட்ஜ் ஃபார்ம் ஸ்டூடியோவில் பதிவு, பொறியாளர் மாக்ஸ் நார்மன். அந்த ஆண்டு செப்டம்பரில் பிரிட்டனில் வந்தது, அமெரிக்காவில் 1981ல். அமெரிக்காவில் மட்டும் 40 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்ற ஆல்பம் இது. பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு: இதன் பாடல் வரிகளில் பெரும்பகுதியை எழுதியவர் டெய்ஸ்லி. பனிப்போர் காலத்துப் பயத்தைச் சொல்லும் 'கிரேஸி ட்ரெயின்' வரிகளும் அவர் கையிலிருந்து வந்தவைதான்.

இப்போது ரீமாஸ்டர் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம், இது புரியாமல் 2002 சண்டை புரியாது. ஸ்டூடியோவில் குரல், கிட்டார், பேஸ், டிரம்ஸ் ஒவ்வொன்றும் தனித்தனி டிராக்கில் பதிவாகும். எல்லாவற்றையும் அளவு பார்த்துச் சேர்த்து இடது, வலது என்று இரண்டு டிராக்காக ஆக்குவது மிக்ஸிங். அந்த இரண்டு டிராக்கை எடுத்து மொத்தச் சத்தம், தெளிவு, அடிநாதம், மேல்நாதம் ஆகியவற்றைச் சரிசெய்து சிடிக்கோ இசைத்தட்டுக்கோ தயாராக்குவது மாஸ்டரிங். ரீமாஸ்டர் என்றால் இந்தக் கடைசி வேலையைத் திரும்பச் செய்வது. சாதம் வடித்து இறக்கியாயிற்று, பரிமாறும் இலையை மட்டும் மாற்றுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் வாசித்தவரை மாற்ற வழியே கிடையாது. யாராவது மாற்றியிருந்தால் அவர்கள் பழைய பல டிராக் நாடாவைத் திறந்து, ஒருவர் வாசித்ததை எடுத்துவிட்டு, புதிதாக வாசிக்கவைத்து, மறுபடி மிக்ஸ் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

2002ல் நடந்தது அதுதான். டெய்ஸ்லியின் பேஸையும் கெர்ஸ்லேக்கின் டிரம்ஸையும் எடுத்துவிட்டார்கள். அப்போது ஓஸியின் மேடைக் குழுவில் இருந்த ராபர்ட் ட்ருஹியோவையும் மைக் போர்டினையும் அந்த இடத்தில் வாசிக்கவைத்தார்கள். காரணம் இசை இல்லை. டெய்ஸ்லியும் கெர்ஸ்லேக்கும் ராயல்டி, அதாவது விற்பனையில் பங்கு, கேட்டு வழக்குப் போட்டிருந்தார்கள். அவர்கள் மோசமாக நடந்துகொண்டதால் அவர்களை ஆல்பத்திலிருந்தே எடுத்துவிட ஓஸி விரும்பினார் என்று அப்போது ஷேரன் தரப்பு வெளிப்படையாகவே சொன்னது. அது தன் முடிவு இல்லை என்று ஓஸி பின்னால் சொன்னார். வழக்கு 2003ல் லாஸ் ஏஞ்சலஸ் நீதிமன்றத்தில் தள்ளுபடியானது. சட்டப்படி யார் பக்கம் நியாயம் என்று நான் பேசவில்லை, எனக்கு அந்தத் தகுதி இல்லை. வாசித்தது யார் என்பதை மட்டும் பேசுகிறேன். அதை மாற்ற எந்தத் தீர்ப்பாலும் முடியாது.

எனக்கு இது எப்படித் தெரியவந்தது என்று சொல்கிறேன். தொண்ணூறுகளில் திருச்சியில் நண்பனின் அண்ணன் பெங்களூரிலிருந்து பதிவுசெய்து கொண்டுவந்த கேசட்டில்தான் இந்த ஆல்பத்தைக் கேட்டேன். அப்போதுதான் ஒரு மெல்லிசைக் குழுவில் சேர்ந்திருந்தேன். பேஸ் சொல்லித்தர ஊரில் ஆள் கிடையாது. எனக்கு ஆசிரியர் அந்தக் கேசட்தான். 'குட்பை டு ரொமான்ஸ்' பாட்டில் டெய்ஸ்லி ஒவ்வொரு வரியின் முடிவிலும் சின்னதாக ஒரு நகர்வு வைத்து அடுத்த வரிக்குக் கை கொடுப்பார். அதை ரீவைண்ட் செய்து ரீவைண்ட் செய்து பிடித்தேன். 'கிரேஸி ட்ரெயின்' சரணத்தில் மேலே ராண்டியின் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) மாறிக்கொண்டே இருக்க, கீழே பேஸ் ஒரே சுரத்தில் ஊன்றி நிற்கும். பேஸ் வாசிக்கிறவன் எப்போது நகர வேண்டும், எப்போது நகரக் கூடாது என்பதை இந்த இரண்டு பாட்டிலிருந்துதான் கற்றுக்கொண்டேன். பின்னால் தமிழ்ப் பாட்டு, இந்திப் பாட்டு எது வாசித்தாலும் அந்தப் பாடம் கையில் இருந்தது.

அப்புறம் வேலைக்குச் சேர்ந்து, சென்னையில் ஒரு கடையில் ரீமாஸ்டர் என்று போட்ட புது சிடியை வாங்கினேன். அது ஒரு மாதச் செலவில் கணிசமான பணம் எனக்கு. அறைக்கு வந்து போட்டால் முதல் பாட்டிலேயே டிரம்ஸ் சத்தம் இடறியது. இன்னும் இறுக்கமாக, இன்னும் புதுசாக, அந்த 1980ன் காற்றோட்டம் இல்லாமல் இருந்தது. 'குட்பை டு ரொமான்ஸ்' வந்ததும் சந்தேகமே இல்லை. என் விரலுக்கு மனப்பாடமான வரி அங்கே இல்லை, வேறு ஒருவர் வேறு மாதிரி போய்க்கொண்டிருந்தார். ராண்டியின் கிட்டார் அதே கிட்டார், ஓஸியின் குரல் அதே குரல், கீழே தரை மட்டும் வேறு. அன்றைக்கு எனக்கு வந்தது கோபம்கூட இல்லை, வருத்தம். என் ஆசிரியரை யாரோ வீட்டைவிட்டு அனுப்பியதுபோல இருந்தது.

இங்கே சிலர் வருவார்கள் என்று தெரியும், அதனால் முன்பே சொல்லிவிடுகிறேன். ட்ருஹியோ மோசமான வாசிப்பாளர் என்று நான் சொல்லவில்லை. 2003லிருந்து மெட்டாலிக்காவில் வாசிக்கிறவரை அப்படிச் சொல்ல எனக்கு என்ன உரிமை? போர்டினும் ஃபெய்த் நோ மோர் குழுவில் பெயர் வாங்கிய டிரம்மர். அவர்களுக்குக் கொடுத்த வேலையை அவர்கள் செய்தார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். ராண்டி ரோட்ஸ் 1982 மார்ச் 19 அன்று ஃபுளோரிடாவில் விமான விபத்தில் இறந்துவிட்டார், வயது 25. அதற்கு இருபது ஆண்டு கழித்து அவர் கிட்டாருக்குக் கீழே யார் என்ன வாசித்தாலும், அதைக் கேட்டு ராண்டி ஒரு இம்மிகூட மாற்றி வாசிக்க முடியாது. டெய்ஸ்லியும் கெர்ஸ்லேக்கும் ராண்டியோடு சேர்ந்து பாட்டுகளை உருவாக்கியவர்கள். ஒருவர் இழுத்தால் இன்னொருவர் விட்டுக்கொடுத்து வாசித்தார்கள். அந்த உறவு நாடாவில் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் ராண்டியின் வாசிப்பிலும் பாதி போய்விடுகிறது. ராண்டி ரசிகர்கள் இதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

"சாதாரண ரசிகனுக்கு பேஸ் எல்லாம் கேட்கவா போகிறது" என்றும் ஒருவர் எழுதுவார். தனியாகக் கேட்காது, சரி. எடுத்துப் பாருங்கள், பாட்டு நிற்காது.

இதைச் சொல்லும்போது வேறொன்றும் வந்துவிடுகிறது, மன்னியுங்கள். மெல்லிசைக் குழுக்களில் நான் வாசித்த காலமெல்லாம் பாடகர் பெயர் நோட்டீஸில் இருக்கும், கீபோர்டு வாசிக்கிறவர் பெயர் சில சமயம் இருக்கும். மற்றவர்கள் எல்லோரும் 'குழுவினர்'. கோயில் திருவிழாவில் விடிய விடிய வாசித்துவிட்டு, பந்தி முடிந்தபின் மீந்ததைச் சாப்பிட்டுவிட்டு, வேனில் டிரம்ஸ் பெட்டிமேல் தலை வைத்துத் தூங்கி வந்திருக்கிறோம். ஒருமுறை ஒரு பக்திப் பாடல் கேசட்டுக்கு வாசித்தேன். உறையில் சின்ன எழுத்தில் என் பெயர் வந்தது, அம்மா அதைப் பூஜை அறையில் வைத்தார்கள். அதே கேசட் பின்னால் சிடியாக வந்தபோது வாத்தியக்காரர்கள் பட்டியலையே எடுத்துவிட்டார்கள். கேட்டதற்கு இடம் இல்லை என்றார்கள். ஐந்து பேர் பெயருக்கு இடம் இல்லை! பாடகரின் படத்தைப் பெரிதாக்கியிருந்தார்கள். இன்று பாட்டு ஆப்களிலும் பெரும்பாலும் இதே கதைதான். டிரம்ஸ் யார் என்று தெரிந்துகொள்ள எங்கெங்கோ தேட வேண்டியிருக்கிறது. என் பிரச்சினையையும் டெய்ஸ்லி பிரச்சினையையும் ஒன்றாக்குகிறேன் என்று நினைக்காதீர்கள். அளவு வேறு, ஆட்கள் வேறு. வலி எனக்குத் தெரியும் என்பதற்காகச் சொன்னேன்.

அவர்களுக்கு இது 2002ல் முதல்முறையும் இல்லை. அடுத்த ஆல்பமான 'டைரி ஆஃப் எ மேட்மேன்' 1981ல் வந்தபோது, வாசித்தது டெய்ஸ்லியும் கெர்ஸ்லேக்கும்தான். ஆனால் உறையில் அச்சானது அப்போது புதிதாகக் குழுவில் சேர்ந்திருந்த ரூடி சார்ஸோ, டாமி ஆல்ட்ரிட்ஜ் பெயர்கள். முதலில் பெயர் போனது, இருபது ஆண்டு கழித்து சத்தமும் போனது.

2011ல் முப்பதாம் ஆண்டுப் பதிப்பு வந்தபோதுதான் இரண்டு ஆல்பத்திலும் அசல் வாசிப்பு திரும்பியது. மாஸ்டரிங் செய்தவர் ஜார்ஜ் மரீனோ. என் காதுக்கு அதில் சத்தம் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கிறது, அந்த விஷயத்தில் 1995 பதிப்பு இன்னும் நிதானமானது. இருந்தாலும் பேஸ் தெளிவாக, உருண்டு திரண்டு கேட்கிறது. கேசட்டில் நான் ஊகித்து வாசித்த சில நகர்வுகள் இதில்தான் எனக்குச் சரியாகப் புரிந்தன. கூடுதலாக ராண்டியின் தனிக் கிட்டார் பதிவு ஒன்றும், கிட்டாரும் குரலும் மட்டும் வைத்த 'குட்பை டு ரொமான்ஸ்' ஒன்றும் உண்டு.

லீ கெர்ஸ்லேக் பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியவில்லை. புற்றுநோயோடு இருந்தபோது அவர் ஓஸிக்கும் ஷேரனுக்கும் ஒரு கடிதம் எழுதினார். பணம் கேட்கவில்லை. நிறைய விற்ற ஆல்பங்களுக்குத் தரும் பிளாட்டினம் தட்டுகளை, இந்த இரண்டு ஆல்பத்துக்குமானவற்றை, தன் வீட்டுச் சுவரில் மாட்ட வேண்டும் என்று கேட்டார். 2019 ஜனவரியில் அனுப்பினார்கள். அனுப்பியதற்கு நான் அவர்களை மனதாரப் பாராட்டுகிறேன். அவர் 2020 செப்டம்பரில் இறந்தார். ஒரு டிரம்மர், தான் வாசித்த ஆல்பத்துக்கான தட்டுக்கு ஏறக்குறைய நாற்பது ஆண்டு காத்திருந்திருக்கிறார்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆப்பில் கேட்பதாக இருந்தால் 2020ல் வந்த நாற்பதாம் ஆண்டு விரிவுப் பதிப்பும் சரியானதே, அசல் வாசிப்புதான். பழைய சிடி வாங்கினால் உறையின் பின்பக்கம் 2002 என்று இருக்கிறதா, உள்தாளில் ட்ருஹியோ, போர்டின் பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் வைத்துவிடுங்கள். 'டைரி ஆஃப் எ மேட்மேன்' வாங்கும்போதும் இதே கவனம் வேண்டும், அதற்கும் 2002ல் இதையே செய்தார்கள். முதலில் 'குட்பை டு ரொமான்ஸ்' போடுங்கள், இயர்போனில் பேஸ் பூஸ்ட் இருந்தால் அணைத்துவிட்டு. முதல் தடவை ஓஸியின் குரலோடு போங்கள். இரண்டாவது தடவை குரலை விட்டுவிட்டு, கீழே போகிற வரியை மட்டும் பிடித்துக்கொண்டு கடைசிவரை போங்கள். அதை வாசிப்பவர் பாப் டெய்ஸ்லி.