மாமியார் சொல்வது போல் வேலையை விட்டுவிடலாமா?

கேள்வி: மன்னார்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். மூன்று ஏக்கர் நிலம் மாமனார் பெயரில் இருக்கிறது, வீட்டுக்காரர்தான் பார்க்கிறார். விடியுமுன் எழுந்து இரண்டு மாட்டையும் கறந்து சொசைட்டியில் ஊற்றிவிட்டு, சமைத்து, பிள்ளைகளைக் கிளப்பிவிட்டு எட்டரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். நடவு, களை என்று வந்தால் ஆட்களுக்கும் சேர்த்துச் சோறு. "ஒம்பதாயிரம் சம்பளத்துக்கு இந்தப் பாடு எதுக்கு, வேலையை விட்டுட்டு வீட்டையும் வயலையும் பாரு" என்கிறார் மாமியார். வீட்டுக்காரர் வாயே திறப்பதில்லை. விட்டுவிடலாமா?
- பெயர் வேண்டாம், திருவாரூர் மாவட்டம்

பதில்: விடாதீர்கள்.

மாமியாரைக் குறை சொல்ல வரவில்லை, அவருக்கு முடியாத வயது, தன் கைவேலை உங்கள் கைக்கு வரட்டும் என்று நினைக்கிறார். ஆனால் அந்த ஒன்பதாயிரத்தை அவர் எடை போடும் விதம் சரியில்லை. நெல்லுக்குக் காசு வருவது வருஷத்தில் ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை. அதுவும் குறுவை அறுக்கும்போது மழை பிடித்துக்கொண்டால், ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள், நெல் ரோட்டோரம் தார்ப்பாய்க்குள் முளைவிட்டுக் கிடக்கும். அந்த மாதம் மளிகைக் கடைக்கு யார் பணம் போகிறது? கூட்டுறவு சங்கத்துப் பயிர்க்கடனைக் கெடுவுக்குள் கட்டினால்தான் வட்டி இல்லை, அந்தக் கெடுவைக் காப்பாற்றுவதும் பல வீடுகளில் மாதச் சம்பளம்தான். இதை ஒரு தாளில் எழுதி வீட்டுக்காரரிடம் காட்டுங்கள். வாய் திறக்காதவரிடம்தான் முதலில் பேச வேண்டும்.

நீங்கள் எழுதாத ஒன்று. ஜவுளிக்கடையில் தீபாவளிக் கூட்டம் ஐப்பசியில், குறுவை அறுத்த வயலில் அடுத்த போகமான தாளடி நடவும் அதை ஒட்டித்தான். பொங்கல் வியாபாரம் ஓய்ந்து நீங்கள் மூச்சு விடும்போது சம்பா அறுப்பு. கடையில் லீவு கேட்க முடியாத நாளிலும் வயலில் ஆள் வேண்டும், கடை ஓய்ந்து நீங்கள் உட்கார வேண்டிய நாளிலும் வயலில் ஆள் வேண்டும். அதனால் அந்த வாரங்களில் நீங்கள் வயலுக்கு இல்லை என்று வைத்துக்கொண்டே வீட்டில் திட்டம் போட வேண்டும். அறுப்புக்கு மெஷின் வந்துவிட்டது, அதற்குச் சோறு வேண்டாம். நடவு, களைக்கு வருகிறவர்களிடம் சாப்பாட்டுக்குப் பதிலாகக் கூலியில் சேர்த்துத் தருகிறோம் என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

அப்புறம் மாடு. சொசைட்டிப் பணத்தில் தவிடு, புண்ணாக்கு, ஊசி மருந்துச் செலவைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள், பல வீடுகளில் இரண்டாவது மாடு பழக்கத்துக்காகத்தான் நிற்கிறது. பால் காசு மட்டுமே கையில் புழங்கும் பெண்ணாக இருந்தால் விற்கச் சொல்ல மாட்டேன். உங்களுக்குச் சம்பளம் இருக்கிறது, ஒன்றை விற்றுவிடலாம். இன்னொன்றை வீட்டுக்காரர் கறக்கட்டும். ஆம்பளை கைக்குப் பழகாது என்பதெல்லாம் சும்மா, ஊர் ஊராக சைக்கிளில் போய்க் கறந்து கொடுப்பவர்கள் யாராம்?

கேள்வி: பெங்களூரில் வேலை. ஒரே மகன். அப்பாவுக்கு 70 வயது, "வந்து நிலத்தைப் பாரு" என்று தினமும் போன். மனைவிக்கும் அங்கேதான் வேலை. என்ன செய்வது?
- ஒரு வாசகர், பாபநாசம்

பதில்: அப்பா கேட்பது உங்களை, நிலம் ஒரு சாக்கு என்று எனக்குத் தோன்றுகிறது. நம்பிக்கையான ஆளிடம் குத்தகைக்கு விடுங்கள், வாய்ப்பேச்சாக இல்லாமல் எழுத்தில். குத்தகைக்காரருக்கும் சட்டத்தில் உரிமை உண்டு, அதனால் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதுவது இரண்டு பக்கமும் நல்லது. நாற்று விடும்போதும் அறுப்பின்போதும் லீவு போட்டு வந்து அப்பாவோடு வரப்பில் நில்லுங்கள். மனைவியைக் கேட்காமல் "வந்துடறேன்பா" என்று மட்டும் போனில் சொல்லிவிடாதீர்கள், அதற்கப்புறம் அதைத் திரும்ப வாங்கவே முடியாது.

கேள்வி: பத்தாவது படிக்கும் மகனை சம்பா அறுப்புக்கு இரண்டு நாள் லீவு போடச் சொல்கிறார் அவன் அப்பா. அனுப்பலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: வேண்டாம். அறுப்பு நடக்கிற அதே நாட்களில்தான் பள்ளியில் திருப்புதல் தேர்வும் வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை வரட்டும், களத்தில் நெல்லைக் காயப்போட, கொள்முதல் நிலையத்தில் குவியலுக்குக் காவல் இருக்க. ராத்திரிக் காவல் மட்டும் அப்பாவுடையது.