அவர் எதுவும் எழுதி வைக்கவில்லை, நான் என்ன முடிவெடுப்பது?

கேள்வி: என் கணவருக்கு 64 வயது. மூளைக்குள் பெரிய ரத்தக்கசிவு. 12 நாட்களாக ஐ.சி.யூ.வில் வென்டிலேட்டரில் இருக்கிறார். நினைவு திரும்பும் வாய்ப்பு மிகக் குறைவு என்கிறார்கள். தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைக்க என்னிடம் கையெழுத்துக் கேட்கிறார்கள். இப்படி ஒரு நிலை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவர் எழுதி வைக்கவில்லை. எல்லாச் சிகிச்சையும் தொடரட்டும் என்கிறான் மகன். அப்பாவை வதைக்காதீர்கள் என்கிறாள் மகள். வேண்டாம் என்று சொன்னால் நானே அவரைக் கொன்றதாகிவிடாதா?

பதில்: உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன் அம்மா. ஆகாது. அவருடைய உயிரைப் பறிப்பது அந்த ரத்தக்கசிவு. பலன் தராத ஒரு கருவியைத் தொடங்காமல் இருப்பதையும், தொடங்கியதை நிறுத்துவதையும் மருத்துவ அறம் ஒன்றாகவே பார்க்கிறது. இரண்டுமே கொலை ஆகாது.

முடிவெடுக்கும் முன் மருத்துவரிடம் சிலவற்றைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஐ.சி.யூ.வில் "இன்று கொஞ்சம் பரவாயில்லை" என்று சொன்னால் குடும்பத்துக்கு நம்பிக்கை பிறந்துவிடுகிறது. சொன்னவர் மனதில் இருந்தது சோடியம் அளவாகவோ ரத்த அழுத்தமாகவோ இருக்கலாம். அதனால் எண்களைக் கேட்காதீர்கள், ஆளைப் பற்றிக் கேளுங்கள். என்னை அடையாளம் தெரிந்துகொள்வாரா? பேசுவாரா? எல்லாம் நன்றாக நடந்தால் ஆறு மாதம் கழித்து அவருடைய ஒரு நாள் எப்படி இருக்கும்? அந்த வாய்ப்பு எவ்வளவு? மயக்க மருந்தை முழுவதும் நிறுத்திய பிறகுதான் மூளையைச் சோதித்தார்களா என்றும் கேளுங்கள். மருந்தின் மயக்கத்தைப் பாதிப்பு என்று எண்ணிவிடக் கூடாது. மூளைச்சாவா, நினைவிழப்பா என்பதும் உறுதியாகத் தெரிய வேண்டும். முன்னது பெரும்பாலான நாடுகளில் சட்டப்படி மரணம், அங்கே கேள்வியே வேறு.

அடுத்தது அவருடைய மனம். இங்கே கேள்வி உங்களுக்கு எது வேண்டும் என்பதல்ல, அவருக்கு எது வேண்டும் என்பதுதான். அவர் இப்போது ஒரு மணி நேரம் எழுந்து உட்கார்ந்து, தன் நிலை முழுவதையும் கேட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொள்வார் என்றால் என்ன சொல்லிவிட்டுப் படுப்பார்? அதைச் சொல்லக்கூடிய சாட்சி நீங்கள். எழுத்து இல்லாவிட்டாலும் தடயம் இருக்கும். சொந்தத்தில் யாராவது நீண்ட நாள் படுக்கையில் கிடந்தபோது அவர் என்ன சொன்னார்? எதை இழந்தால் வாழ்க்கையே இல்லை என்பார்? எவ்வளவு கஷ்டமானாலும் உயிரோடு இருந்தால் போதும் என்று நினைப்பவரா? அப்படியானால் அதுவும் மதிக்க வேண்டிய பதில்தான்.

வாய்மொழிக்கு எடை உண்டு. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் டெர்ரி ஷைவோ என்ற இளம்பெண் 1990இல் நினைவிழந்தார். அவரும் எழுதி வைக்கவில்லை. உணவு செலுத்தும் குழாயை நிறுத்தக் கணவர் 1998இல் நீதிமன்றம் போனார், பெற்றோர் எதிர்த்தார்கள். டெர்ரி முன்பு பேச்சுவாக்கில் சொன்னவற்றைச் சான்றாக ஏற்றுத்தான், குழாயை நிறுத்தலாம் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனாலும் வழக்கு ஓய்ந்து அவர் இறந்தது 2005 மார்ச்சில். பிளவுபட்ட குடும்பத்துக்கு அந்த ஆண்டுகள் என்னவாக இருந்திருக்கும் என்று நினைத்தாலே நெஞ்சு கனக்கிறது.

ஆகவே மகனையும் மகளையும் ஒரே அறையில், மருத்துவர் முன்னிலையில் உட்கார வையுங்கள். அப்பா என்ன சொல்லியிருப்பார் என்று இருவரிடமும் கேளுங்கள். எல்லாம் செய்யுங்கள் என்று மகன் சொல்வது பெரும்பாலும் அன்பும் பயமும்தான். அவன் தோற்க வேண்டிய விவாதம் அல்ல இது. அப்போதும் இணங்கவில்லை என்றால் நடுவழி ஒன்று உண்டு: கெடு வைத்த முயற்சி. இத்தனை நாள் தொடர்வோம், இன்னின்ன மாற்றம் தெரியாவிட்டால் நிறுத்துவோம் என்று மருத்துவரோடு முன்கூட்டியே பேசி, மருத்துவக் குறிப்பில் எழுதச் செய்யுங்கள். குழாய் வைத்தபின்னும் இதே ஏற்பாடு சாத்தியம்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். சில இடங்களில் முடிவு சொல்லும் உரிமை முதலில் வாழ்க்கைத் துணைக்கு. இங்கிலாந்தில் குடும்பத்தைக் கலந்துகொண்டு, நோயாளியின் நலன் கருதி மருத்துவர்களே முடிவெடுப்பார்கள். இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2018இல் வகுத்து 2023இல் எளிதாக்கிய நடைமுறைப்படி இரண்டு மருத்துவக் குழுக்கள் ஒப்ப வேண்டும். உங்கள் மருத்துவமனையில் எது நடைமுறை என்று கேட்டுவிடுங்கள்.

இதயம் நின்றால் மார்பை அழுத்தி மீட்க வேண்டாம் என்று முடிவெடுத்தாலும், மற்ற சிகிச்சைகள் அதனால் நின்றுவிடாது. வென்டிலேட்டரையே நிறுத்த முடிவானால், வலிநிவாரண மற்றும் ஆதரவுச் சிகிச்சைக் குழு கூடவே இருக்க வேண்டும் என்று வற்புறுத்துங்கள். மூச்சுத்திணறல் தெரியாமலிருக்க மார்ஃபின் போன்ற மருந்துகளை அளவறிந்து கொடுப்பார்கள். கருவியை எடுத்தபின் உயிர் சில நிமிடங்களிலும் பிரியலாம், சில நாட்களும் ஆகலாம். இதை முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள். உணவு கொடுக்கவில்லையே என்று தவிக்க வேண்டாம், அடங்கிவரும் உடல் அதைக் கேட்பதில்லை. வாயையும் உதட்டையும் ஈரமாக வைத்தால் போதும்.

குழாய்க்கான கையெழுத்தை இன்றே போட்டாக வேண்டும் என்பது அரிது. ஓரிரு நாள் தள்ளலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள், பெரும்பாலும் சம்மதிப்பார். அதற்குள் பிள்ளைகள் இருவரோடும் அந்தக் கூட்டத்தை நடத்திவிடுங்கள்.