இரண்டு நாள் மட்டக்களப்பு: அறை வாடகை முதல் தயிர்ச் சட்டி வரை

சனி, ஞாயிறு தங்கிப் போக மட்டக்களப்புக்கு வருகிறவர்களிடமிருந்து இந்த மாதம் நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. உள்ளூர்க்காரர் வாங்கிய சாமான் சரியில்லை என்றால் திங்கட்கிழமை கடைக்குப் போய்ச் சண்டை பிடிக்கலாம். நீங்கள் அதற்குள் ரயிலேறியிருப்பீர்கள். அதனால் பார்ப்பதையும் கேட்பதையும் காசு கொடுக்கும் முன்பே முடித்துவிட வேண்டும். கீழே உள்ள பதில்களை அதை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: கொழும்பிலிருந்து நானும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் வெள்ளி இரவு ரயிலில் வந்து ஞாயிறு திரும்பப் பார்க்கிறோம். தங்குமிடத்துக்கு இணையத்தில் ஒரு விலை காட்டுகிறது, போனில் கேட்டால் இன்னொரு விலை சொல்கிறார்கள். டவுனில் தங்குவதா, கல்லடியா, பாசிக்குடாவா? (வெள்ளவத்தை வாசகி)

பதில்: சாப்பாடும் கடைத்தெருவும்தான் நோக்கம் என்றால் கல்லடியில் தங்குங்கள், அல்லது டவுன் இருக்கும் புளியந்தீவில். கல்லடியில் தங்கினால் கடற்கரைக்கு நடந்தே போகலாம். பாலத்தைத் தாண்டினால் டவுன், தெற்கே கொஞ்சத் தூரத்தில் காத்தான்குடி. பாசிக்குடா வடக்கே முப்பது கிலோமீற்றருக்கு மேல். அங்கே அறை எடுத்துக்கொண்டு வேளைக்கு வேளை டவுனுக்கு ஓடினால் வான் கூலிக்கே காசு போய்விடும்.

பிள்ளைகள் கடலில் இறங்க வேண்டும் என்றால் கதை வேறு. பாசிக்குடாவில் கரையிலிருந்து வெகுதூரம் வரை ஆழமில்லை, அலையும் குறைவு. கல்லடிக் கடல் அப்படியில்லை, இழுக்கும். அங்கே மணலில் விளையாடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாசிக்குடாதான் என்று முடிவானால் மட்டக்களப்பு வரை வராமல் வாழைச்சேனையிலோ கல்குடாவிலோ இறங்கிவிடுங்கள்.

விலை விஷயத்துக்கு வருவோம். இணையத்தில் காட்டும் விலையில் பதிவுத்தளத்துக்கான தரகும் சேர்ந்திருக்கும். அதனால் நேரே பேசினால் குறைத்துத் தரும் வீடுகள் உண்டு. ஆனால் போனில் சொல்லும் விலை முழு விலையா என்பதைக் கேட்டே ஆக வேண்டும். விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால், சேவைக் கட்டணமும் வரியும் அதற்கு மேல் வரும் என்று அர்த்தம். ஒரு கணக்குக்கு அறை 15,000 ரூபா என்று வையுங்கள். சேவைக் கட்டணம் பத்து வீதம் சேர்த்தால் 16,500. அதன் மேல் 18 வீத வற் வரி போட்டால் 19,470. ஒரு இரவுக்கே கிட்டத்தட்ட நாலாயிரத்து ஐந்நூறு ரூபா வித்தியாசம். வற் வரியை அதற்குப் பதிவு செய்த நிறுவனம் மட்டுமே அறவிடலாம். சின்ன வீட்டுத் தங்குமிடம் ஒன்று வற் என்று எழுதித் தந்தால் பில்லில் பதிவு இலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம், நேரம். இரவு ரயில் உங்களைக் காலையில் இறக்கிவிடும். பெரும்பாலான இடங்களில் அறை கிடைப்பது பிற்பகலில். தூக்கக் கலக்கத்தில் இரண்டு பிள்ளைகளையும் பைகளையும் வைத்துக்கொண்டு வாசலில் நிற்க வேண்டி வரும். அரை நாள் வாடகை கேட்பார்களா, சும்மா விடுவார்களா என்று முதலிலேயே பேசுங்கள். ஏசிக்குத் தனிக் காசா, பிள்ளைகளுக்கான மேலதிகக் கட்டிலுக்கு எவ்வளவு, காலைச் சாப்பாடு எத்தனை பேருக்கு என்பதையும் சேர்த்துக் கேட்டு, பதிலை வட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கி வையுங்கள். போனில் பேசியது வாய்ப்பேச்சு, பிறகு காட்ட ஒன்றும் இருக்காது.

முழுப் பணத்தையும் முன்கூட்டியே ஒருவரின் சொந்தக் கணக்கில் போடச் சொன்னால் அவசரப்படாதீர்கள். அந்த இடம் இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு செய்யப்பட்டதா என்று 1912க்கு அழைத்துக் கேட்கலாம். ரயில் ஆசனத்தை 30 நாட்களுக்கு முன்பிருந்தே ஒதுக்கலாம், நீண்ட விடுமுறை வந்தால் சீக்கிரம் முடிந்துவிடும். ஆசனம் கிடைத்த பிறகே அறைக்கு முற்பணம் கட்டுங்கள்.

கேள்வி: போன மாதம் குடும்பத்தோடு வந்து ஒரு ஹோட்டலில் நண்டுக் கறி சாப்பிட்டோம். மெனுவில் நண்டுக்கு விலையே போடவில்லை. பில் வந்தபோது அறை வாடகையை விடக் கூடவாக இருந்தது. சண்டை பிடிக்க மனமில்லாமல் கட்டிவிட்டு வந்தோம். என்ன செய்திருக்கலாம்? (ஹட்டன் வாசகர்)

பதில்: வாசித்தபோது கவலையாக இருந்தது. எங்கள் வாவி நண்டின் ருசியை நினைத்து இன்னொரு தடவை வர வேண்டிய குடும்பம், பில்லை நினைத்து வராமல் இருந்துவிடக் கூடாது.

நண்டு, இறால், முழு மீன் மூன்றையும் ‘ஒரு பிளேட்’ என்று சொல்லி ஓடர் பண்ணாதீர்கள். இவற்றின் விலை அன்றன்று மாறும், அதனால்தான் மெனுவில் போடாமல் விடுகிறார்கள். அது புரிகிறது. ஆனால் அன்றைய விலையைக் கேட்டால் சொல்லித்தான் ஆக வேண்டும். கிலோ என்ன விலை? சமைக்கும் முன் நிறுத்த எடையா? சமையல் கூலி அதற்குள் அடக்கமா? மேசையில் உட்கார்ந்ததும் இந்த மூன்றையும் கேளுங்கள். பிறகு, “நண்டைக் கொண்டுவந்து காட்டுங்கோ, எங்களுக்கு முன்னால் நிறுங்கோ” என்று சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் இதற்குக் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

நண்டு வந்ததும் வெறுமனே அளவைப் பார்க்காதீர்கள். புரட்டிப் பிடித்து, காலடிப் பக்கத்து வயிற்றோட்டைப் பெருவிரலால் அழுத்துங்கள். கெட்டியாக நின்றால் சதை நிறைந்த நண்டு. அமுங்கினால் அண்மையில் ஓடு கழற்றிய நண்டு. பார்க்கப் பெரிதாக இருக்கும், உடைத்தால் தண்ணீர்தான் வரும். ஒரே அளவில் இரண்டு இருந்தால் கையில் பாரமானதை எடுங்கள். கால் கட்டிய கயிற்றையும் கவனியுங்கள். தடித்த கயிறு தண்ணீரில் ஊறியிருந்தால் அந்தப் பாரத்துக்கும் நண்டு விலைதான் கொடுக்கிறீர்கள். சந்தையில் நேரே வாங்கும்போதும் இதே கதைதான்.

கடைக்காரர் விலையைக் காட்சிப்படுத்த வேண்டும், கேட்டால் பற்றுச்சீட்டு தர வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் இதைச் சொல்கிறது. போத்தல் தண்ணீர், சோடா போன்றவற்றில் அச்சடித்த ஆகக்கூடிய சில்லறை விலைக்கு மேல் வாங்குவதும் குற்றம். இதற்கெல்லாம் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். உங்கள் விஷயத்தில் பில் கையில் இருக்கிறதா? இருந்தால் தாமதிக்காமல் அதிகார சபைக்கு எழுதுங்கள். பொருள், சேவை பற்றிய முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். போன மாதம்தானே, காலம் இருக்கிறது. பழுதான சாப்பாடு, அசுத்தமான சமையலறை என்றால் அந்தப் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்வதுதான் வேகமான வழி.

அடுத்த தடவைக்கு இன்னொரு யோசனை. வீட்டுத் தங்குமிடத்தில் அறை எடுங்கள். காலையில் சந்தைக்குப் போய்ச் செப்பலியோ திரளியோ கொடுவாவோ நீங்களே வாங்கிக் கொடுத்தால் பல வீடுகளில் சமைத்துத் தருவார்கள். சமையல் கூலியை மட்டும் முதலில் பேசிக்கொள்ளுங்கள். தேங்காய்ப் பால் விட்ட மீன் குழம்பு, சொதி, சம்பல், பக்கத்தில் சுடச்சுடப் பிட்டு. மட்டக்களப்பின் நல்ல சாப்பாடு வீட்டு அடுப்பில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். இரவில் வீட்டாரைக் கஷ்டப்படுத்த வேண்டாம் என்றால் காத்தான்குடிப் பக்கம் போய்க் கொத்து, பராட்டா சாப்பிட்டு வரலாம்.

கேள்வி: மருதமுனைக் கைத்தறிச் சாரமும் சேலையும் வாங்க ஆசை. கைத்தறி என்று சொல்லி மெஷின் துணியைத் தந்துவிட்டால் எப்படிக் கண்டுபிடிப்பது? (கண்டி ஆசிரியை)

பதில்: மருதமுனை அம்பாறை மாவட்டத்தில், கல்முனைக்குக் கொஞ்சம் வடக்கே இருக்கிறது. மட்டக்களப்பிலிருந்து கல்முனை பஸ் ஏறினால் காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி தாண்டி அங்கேயே இறங்கலாம். அரை நாளை அதற்கென்று ஒதுக்குங்கள். டவுன் கடையில் வாங்குவதற்கும் நெய்கிற ஊரில் வாங்குவதற்கும் விலையில் மட்டுமல்ல, கேள்விக்குக் கிடைக்கும் பதிலிலும் வித்தியாசம் இருக்கும். வெள்ளிக்கிழமை போவதானால் மதியம் ஜும்ஆத் தொழுகை நேரத்தைத் தவிருங்கள், கடைகள் மூடியிருக்கும்.

துணியை வெளிச்சத்துக்குப் பிடித்து முதலில் இரண்டு ஓரக்கரைகளையும் பாருங்கள். கைத்தறியில் நெய்யும்போது துணி சுருங்காமல் அகலமாக நிற்க, இரு முனையிலும் ஊசி வைத்த ஒரு கோலைக் குறுக்கே கொடுத்து விரித்துப் பிடிப்பார்கள். அந்த ஊசி குத்திய சிறு துளைகள் கரையோரமாக இடைவிட்டு இடைவிட்டுத் தெரியும். அடுத்தது குறுக்கு நூல். கையால் அடித்து நெய்த துணியில் ஓரிடம் கொஞ்சம் நெருக்கமாகவும் ஓரிடம் கொஞ்சம் இளக்கமாகவும் இருக்கும். அதைக் குறை என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள், அது நெய்தவரின் கைப்பட்ட இடம். முழுத்துணியும் ஒரு இழைகூடப் பிசகாமல் இருந்தால் சந்தேகப்படலாம். இந்த அடையாளங்களில் ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம், சேர்த்துப் பாருங்கள்.

வெள்ளைக் கைக்குட்டையின் ஒரு மூலையை நனைத்து, துணியின் கடும் நிறப் பகுதியில் தேய்த்துப் பாருங்கள். சாயம் நன்றாக ஒட்டினால் மற்ற உடுப்புகளோடு சேர்த்துத் தோய்க்க முடியாது. கஞ்சி கூடப் போட்ட துணி கடையில் தடிப்பாக நிற்கும், ஒரு தோய்ப்போடு தொய்ந்துவிடும். ஒரு மூலையைக் கசக்கி உதறினால் கஞ்சித் தூள் பறக்கிறதா என்று தெரியும். சாரம் என்றால் விரித்து இடுப்பில் சுற்றிப் பாருங்கள், சுற்றளவு குறைந்த சாரத்தை வாங்கிவிட்டு வீட்டில் பெட்டிக்குள் வைப்பவர்கள் நிறையப் பேர்.

பேரம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மெஷின் துணிக்குப் பேரம் பேசுங்கள். தறியில் இருப்பவரிடம் நேரே வாங்கும் சேலைக்கு, மெஷின் சேலையின் விலையைக் காட்டி அடித்துப் பேசாதீர்கள். நூல் விலையும் சாய விலையும் ஏறிக்கொண்டே போக, பிள்ளைகளை இந்தத் தொழிலுக்கு விடமாட்டேன் என்று சொல்லும் நெசவாளர்கள் இருக்கிறார்கள். நியாயமான விலையைக் கொடுத்து, பற்றுச்சீட்டில் ‘கைத்தறி’ என்று எழுதி வாங்குங்கள். பிறகு அது பொய் என்று தெரிந்தால் முறைப்பாட்டுக்கு அந்த எழுத்து உதவும்.

கேள்வி: பூரணை இரவில் மீன் பாட்டுக் கேட்கத் தோணி பிடிக்கலாமா? எவ்வளவு கேட்பார்கள்? (வவுனியா இளைஞர்)

பதில்: வாவி மீன்கள் பாடுவதாகச் சொல்லப்படும் அந்த ஒலி, 1924இல் திறந்த பழைய கல்லடிப் பாலத்தின் பக்கம்தான் காலம் காலமாகக் கேட்பதாகச் சொல்கிறார்கள். தொகை ஆளுக்கு ஆள் மாறும். அது தோணிக்கா தலைக்கா, எத்தனை நிமிடம், திரும்ப அதே துறையில் இறக்குவாரா என்பதைப் பேசி ஏறுங்கள். ‘கட்டாயம் கேட்கும்’ என்று உறுதி சொல்லிக் கூடக் காசு கேட்பவரை விட்டுவிடுங்கள், மீனுக்காக யாரும் உறுதி சொல்ல முடியாது. உயிர்காப்பு அங்கி இல்லாத தோணியில், அதுவும் இரவில், ஏறவே வேண்டாம். பகலில் பாலமீன்மடு வெளிச்சவீட்டுப் பக்கம் கண்டல் மரங்களைப் பார்த்து வருவது பிள்ளைகளோடு வருபவர்களுக்கு நல்லது. பூரணை விடுமுறை சனி, ஞாயிறோடு ஒட்டி வந்தால் அறை விலையும் ஏறும்.

கேள்வி: ஊருக்குக் கொண்டுபோகத் தயிர், தேன், கஜு மூன்றும் வேண்டும். எதைப் பார்த்து வாங்குவது? (பதுளை வாசகி)

பதில்: தயிர் எருமைத் தயிராக இருந்தால் வெள்ளையாக இருக்கும், பசுத் தயிரில் இலேசான மஞ்சள் தெரியும். சட்டியை மெதுவாகச் சரித்துப் பாருங்கள். நல்ல தயிர் அசையாது, மேலே ஆடை பிடித்திருக்கும். தண்ணீர் பிரிந்து ஓரத்தில் நின்றால் பழையது, இல்லாவிட்டால் வழியில் குலுங்கியது. சட்டியின் வெளியுயரத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம், அடி தடித்த சட்டியில் தயிர் குறைவாகத்தான் பிடிக்கும். வெறும் சட்டி ஒன்றைக் கேட்டு அதையும் தயிர்ச் சட்டியையும் நிறுத்தால் உள்ளே எவ்வளவு என்று தெரிந்துவிடும். கடைசி நாள், புறப்படும் முன் வாங்குங்கள். சனிக்கிழமை வாங்கி அறையில் வைத்தால் வீடு போகும்போது புளித்திருக்கும்.

கஜுவில் ஒன்றைக் கடித்துப் பாருங்கள். மொறுமொறுப்பு இல்லாமல் இழுபட்டாலோ எண்ணெய்ச் சிக்கு வாடை வந்தாலோ வேண்டாம். முழுக் கஜு விலையில் உடைசல் கலந்து தருவார்கள், பையை மேலே பார்த்துவிட்டு அடியையும் பாருங்கள்.

தேனுக்கு வீட்டுச் சோதனை என்று சொல்லப்படும் எதையும் நம்பாதீர்கள். தண்ணீரில் விட்டால் கரையாது, தீக்குச்சி பற்றும், எறும்பு மொய்க்காது என்பதெல்லாம் சீனிப் பாகு கலந்ததைக் காட்டிக்கொடுக்காது. வீதியோரத்துப் பழைய சாராயப் போத்தலில் வரும் தேன் நல்லதாகவும் இருக்கலாம், ஆனால் பிழையென்றால் நீங்கள் யாரைத் தேடிப் போவீர்கள்? உற்பத்தியாளர் முகவரி, நிகர எடை, திகதி அச்சடித்த போத்தலையே எடுங்கள். ரயிலில் கொண்டுபோவதானால் மூடியைச் சுற்றிப் பொலித்தீன் கட்டித் தரச் சொல்லுங்கள்.